அப்புச்சி கத்தியைக் காணோம்!

உங்க தாத்தாவோட இடுப்பு பெல்ட்டை எப்பவாவது குடைஞ்சு பார்த்திருக்கீங்களா? எங்க காங்கேயம் பக்கத்துல தாத்தாக்கள் கட்டுற அகலமான பச்சை பெல்ட் இருக்கே, அது ஒரு நடமாடும் பெட்டிக்கடை பாஸ்! வெத்தலை, பாக்கு, சில்லறை, மாட்டுச் சந்தை துண்டுச்சீட்டு... எல்லாத்துக்கும் அடியில ஒரு மடக்குக் கத்தி. எங்க அப்புச்சி வெச்சிருந்த கத்தியிலதான் நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் பென்சில் சீவிக்கிட்டுப் போனேன். சாணைக்கல்லுல தீட்டித் தீட்டி அலகு பாதியா மெலிஞ்சு போயிருக்கும். பிடியில ஆணியால குத்தின மூணு புள்ளி. அதுதான் அவர் அடையாளம்.

அப்புச்சி போன மறு வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சாங்க. பழைய சைக்கிள் ரிம், ஓட்டை வாளியோட அதுவும் எடைக்குப் போயிடுச்சு. அப்போ நான் ஹாஸ்டல்ல. "துருப்புடிச்ச கத்தி கண்ணு, அதை வெச்சு என்ன பண்றது?"ன்னாங்க அம்மா. சண்டை போட்டு என்ன ஆகப்போகுது? ஞாயித்துக்கிழமைகள்ல பழைய இரும்புக்கடைகளை மேய ஆரம்பிச்சேன். அப்படித்தான் பிடிச்சது இந்தப் பைத்தியம்.

முதல்ல பேர்லயே ஒரு கதை இருக்கு. பேனாக்கத்திங்கறோமே, பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? பறவை இறகுல எழுதின காலத்துல அதோட முனையைச் சீவ சட்டைப்பையில வெச்சிருந்த குட்டிக் கத்திதான் அது. இறகு போச்சு, பேர் மட்டும் நின்னுபோச்சு. அப்புறம் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கத்தின்னு கிளம்பிட்டாங்க. பஞ்சுப் பொதியைக் கீறி சாம்பிள் எடுக்கறதுக்குன்னே மடக்குக் கத்தி இருந்திருக்குன்னா பார்த்துக்கோங்க. பருத்தியில புழங்குற நம்ம ஊர்ல அதுல ஒண்ணுகூடவா கிடைக்காதுன்னு நானும் தேடறேன். இதுவரைக்கும் இல்லை.

இந்த உலகத்தோட சூப்பர் ஸ்டார், இங்கிலாந்துல ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி. நட்சத்திரமும் சிலுவையும்தான் அவங்க முத்திரை. 1822-ல அவங்க பண்ணின ஒரு கத்தியில 1,822 அலகு! வருஷத்துக்கு ஒண்ணு சேர்த்துக்கிட்டே போறதா திட்டம். பென்சில் சீவறதுக்கு எந்த அலகை எடுக்கறதுன்னு யோசிக்கறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்.

பேர் வந்தா டூப்ளிகேட்டும் வரும்தானே? அதனால கத்தி கையில கிடைச்சதும் அலகோட அடிப்பாகத்தை டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, டார்ச் அடிச்சு எழுத்தைப் படிங்க. கிரீடத்துக்குப் பக்கத்துல 'வி.ஆர்.'னு இருந்தா விக்டோரியா ராணி காலம், அதாவது 1901-க்கு முன்னாடி. 'ஜி.ஆர்.'னா அப்புறம் வந்த ஜார்ஜ் மன்னர்கள் காலமா இருக்கலாம். 'இங்கிலாந்து'ன்னு நாட்டுப் பேர் குத்தியிருந்தா பெரும்பாலும் 1891-க்குப் பிந்தினது. இறக்குமதியாகுற பொருள்ல நாட்டுப் பேர் இருக்கணும்னு அமெரிக்கா 1890-ல சட்டம் போட்டதோட விளைவு அது. அடுத்து, திறந்து மூடிப் பாருங்க. 'டக்'குனு ஒரு சத்தம் வரணும். முதுகுல இருக்கற ஸ்பிரிங் உயிரோட இருக்குன்னு அர்த்தம். மெக்கானிக்கல் படிக்கறவன் சொல்றேன், நம்புங்க!

துருவைப் பார்த்ததும் எமரி ஷீட்டை எடுக்காதீங்க ப்ளீஸ். முத்திரை போச்சுன்னா வயசும் போச்சு, விலையும் போச்சு. காங்கேயத்துக்காரங்களுக்கு தேங்காயெண்ணெய் பக்கம்தான் கை போகும். அதுவும் வேண்டாம், நாள்பட்டா பிசுக்காயிடும். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். திருப்பூர் வட்டாரத்துல அதுக்கா பஞ்சம்?

இப்போ அந்த விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் ஒரு கடையில கரடுமுரடான பழுப்புப் பிடியோட ஒரு கத்தி. ரெண்டு அலகு, முத்திரை பளிச், 'டக்' சத்தம் அப்படியே அப்புச்சி கத்தி மாதிரி! கடைக்காரர் கேட்டது இருநூறு ரூபாய்தான். லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். எலும்பா இருந்தா பொடிப்பொடியா துவாரம் தெரியும். இது மரப்பட்டை மாதிரி வரிவரியா இருந்துச்சு. மான்கொம்பு.

நம்ம கடமானோட கொம்பு கப்பலேறி ஷெஃபீல்டு போய், கத்தியாகித் திரும்பி வந்தது ஒரு காலம். ஆனா, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அதை வாங்கறதும் விக்கறதும் குற்றம். தந்தப் பிடின்னாலும் இதே கதைதான். 'பழசுதானே'ங்கற சாக்கெல்லாம் எடுபடாது.

"வேண்டாங்களா தம்பி? நூத்தம்பது குடுங்க"ன்னார். கையில ஒரு பத்து நிமிஷம் வெச்சிருந்தேன். அப்புறம் மூடி வெச்சுட்டேன். பஸ்ல வர்றப்போதான் இன்னொண்ணு உறைச்சுது. அப்புச்சி கத்தியோட பிடியும் கரடுமுரடாத்தான் இருக்கும்.

இன்னொரு சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. ஆயுத விதிகள் 9 அங்குல நீளத்துக்கோ 2 அங்குல அகலத்துக்கோ மேல போற அலகுகளைத்தான் குறிவைக்குது, அதுலயும் வீட்டு வேலை, விவசாயக் கத்திகளுக்கு விலக்கு இருக்கு. ஆனா, ஊருக்கு ஊர் தடை மாறும். பட்டனைத் தட்டினா பாயுற ராம்பூர் கத்தி சினிமாவுல வில்லன் கையில பேர் வாங்கினதுதான் மிச்சம். 1990-கள்ல நாலரை அங்குலத்துக்கு மேல உத்தரப் பிரதேச அரசு தடை போட்டு அந்தத் தொழிலே நசிஞ்சுபோச்சு. அதனால, சேகரிப்பு வீட்டு அலமாரியோட நிக்கட்டும். காலேஜ் பையில போட்டு சீன் போடாதீங்க. பிரின்ஸிபால் ரூம்ல 'ஆன்டிக் சார்'னு விளக்கம் சொல்றது கஷ்டம்.

என் கலெக்‌ஷன்ல இப்போ மொத்தம் ஏழு. ரொம்பப் பிடிச்சது எண்பது ரூபாய்க்கு வாங்கினது. கறுப்புப் பிடி, ஒரு அலகு உடைசல். ராட்ஜர்ஸ்னு நினைச்சு ஓட்டமா வீட்டுக்கு வந்து தேய்ச்சா, இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல 'டி'யைக் காணோம். பக்கா டூப்ளிகேட்! அம்மா பார்த்துட்டு, "இதைப் போய் காசு குடுத்து வாங்கினியாக்கும்?"னு சிரிச்சாங்க. அப்புறம் அவங்களே முந்தானையால துடைச்சு, பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. மூணு புள்ளியைத்தான் தேடறாங்கன்னு புரிஞ்சுது.