ரிக்கி நெல்சனும் அமெரிக்க வெகுசன இசையும்

ரிக்கி நெல்சன் (மே 8, 1940 – டிசம்பர் 31, 1985) அமெரிக்கப் பாடகர், நடிகர். இயற்பெயர் எரிக் ஹில்லியர்டு நெல்சன். நியூ ஜெர்சி மாநிலத்தின் டீனெக் நகரில் பிறந்தவர். 1957 முதல் 1973 வரை இவர் பாடிய 50க்கும் மேற்பட்ட பாடல்கள் பில்போர்டு இதழின் பாடல் வரிசைப் பட்டியல்களில் இடம்பெற்றன. ராக் அண்ட் ரோல் இசை வளர்ந்த தொடக்க ஆண்டுகளில், எல்விஸ் பிரெஸ்லிக்கு நிகராக அமெரிக்க இளைஞர்களிடம் பெயர் பெற்ற மிகச் சிலருள் இவரும் ஒருவர்.

ஆனால் இவரைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது 'டீன் ஐடல்' என்ற சொல்லைத்தான். பதின்வயதினரின் கனவு நாயகன் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள், சிறப்பாகச் சிறுமியர், படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துப் போற்றும் பாடகர்களை இச்சொல் குறிக்கும். 1958 டிசம்பரில் லைஃப் இதழ் இவரை அட்டையில் இட்டபோது இவ்வாறே அழைத்தது. புகழ்ச்சி போலத் தோன்றினாலும் இதில் ஓர் ஏளனமும் உண்டு: விற்பது முகம், பாட்டு அன்று என்பது அதன் உட்பொருள். அக்காலத்தில் அழகான முகத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, பிறர் எழுதிக் கொடுத்ததைப் பாடிவிட்டு மறைந்துபோன பாடகர்கள் பலர் இருந்ததால், ஏளனத்தில் முற்றிலும் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நெல்சனையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே நெடுநாள் எண்ணினார்கள். அவர் செய்த இசைப் பணியைப் பார்த்தால் அந்த மதிப்பீடு பொருந்தவில்லை.

வீடே நாடகம்

தந்தை ஓஸி நெல்சன் நடன இசைக்குழு ஒன்றின் தலைவர். தாய் ஹாரியட் அதே குழுவில் பாடியவர், திரைப்பட நடிகை. இருவரும் 1944இல் தங்கள் குடும்ப வாழ்க்கையையே கதையாக்கி 'ஓஸி அண்ட் ஹாரியட்' என்ற வானொலி நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினர. முதலில் பிள்ளைகள் வேடத்தில் வேறு சிறுவர்கள் நடித்தனர். 1949 முதல் மூத்தவர் டேவிட்டும் இளையவர் ரிக்கியும் தாங்களாகவே நடித்தார்கள். 1952இல் தொடர் ஏபிசி தொலைக்காட்சிக்கு மாறி, 1966 வரை 14 ஆண்டுகள் ஓடியது. ஆக, ரிக்கி வளர்ந்ததை அமெரிக்கா முழுவதும் வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பின்னணிதான் அவருக்கு வாய்ப்பும் ஆயிற்று, வாழ்நாள் சுமையும் ஆயிற்று. சிற்றூர் மேடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஆண்டுக்கணக்கில் பாடித்தான் மற்றவர்கள் மேலே வந்தார்கள். ரிக்கிக்கு அந்தப் படிகள் தேவைப்படவில்லை. 1957 ஏப்ரலில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் அவர் பாடினார், ஒரே இரவில் நாடறிந்த பாடகரானார்.

அன்று பாடிய பாடல் 'ஐ'ம் வாக்கின்'. அது நியூ ஆர்லியன்ஸ் நகரின் கறுப்பினக் கலைஞர் ஃபேட்ஸ் டாமினோ பாடி, அதே ஆண்டில் வெற்றி பெற்றிருந்த பாடல். இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய இசையை வெள்ளையினப் பாடகர்கள் திரும்பப் பாடி, அவர்களுக்கு எட்டாத மேடைகளில் பொருள் ஈட்டியது அக்கால அமெரிக்க இசைத் தொழிலின் வழக்கம். குடும்பத் தொடர் வழியே வாரந்தோறும் நாட்டின் நடுக்கூடங்களுக்குள் நுழையும் வாய்ப்பு டாமினோவுக்குக் கிடைத்திருக்காது. நெல்சனின் தொடக்கம் இந்தச் சமனின்மையின் மீது நின்றது என்பதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது முறையன்று. முதல் தட்டை வெளியிட்ட வெர்வ் நிறுவனத்துடன் பணம் தொடர்பான பிணக்கு ஏற்பட்டதால், விரைவில் அவர் இம்பீரியல் நிறுவனத்துக்கு மாறினார். அது டாமினோவின் தட்டுகளை வெளியிட்டுவந்த நிறுவனமே.

சரியான இசைக்குழு

இம்பீரியலில்தான் நெல்சனின் உண்மையான பணி தொடங்குகிறது. அவர் விரும்பியது ராக்கபிலி. தென்மாநில வெள்ளையரின் கன்ட்ரி இசையும் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து, மெம்பிஸ் நகரின் சன் பதிவுக்கூடத்தில் உருப்பெற்ற துள்ளிசை அது. கார்ல் பெர்க்கின்ஸ் பாடுவதைப் போல ஒலிக்க வேண்டும் என்பதே இளம் நெல்சனின் ஆசை. பிள்ளைகளுக்கான பாடகர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவர், பெரிய வாத்தியக் குழுவும் இனிப்பான பின்னணியும் கேட்காமல், இந்த முரட்டு இசையைத் தேடினார் என்பது கவனிக்கத்தக்கது.

அதற்கு ஏற்ற ஆள் ஜேம்ஸ் பர்ட்டன். லூசியானாவைச் சேர்ந்த கிதார் கலைஞர், நெல்சனைவிட ஒரு வயதுதான் மூத்தவர். டேல் ஹாக்கின்ஸின் 'சூசி கியூ' பாடலில் ஏற்கெனவே வாசித்திருந்தார். இம்பீரியல் அலுவலகத்தில் வேறொரு பாடகருடன் அவர் ஒத்திகை பார்ப்பதைக் கேட்ட நெல்சன், அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். பர்ட்டன் தன் கிதாரின் மேல் நரம்புகளுக்குப் பதிலாக மெல்லிய பாஞ்சோ நரம்புகளைக் கட்டியிருந்தார். கனத்த நரம்பை விரலால் வளைப்பது கடினம். மெல்லிய நரம்பு எளிதில் வளையும், வளைய வளையச் சுரம் மேலேறும். பாடும் குரலைப் போலக் கிதாரைக் குழையச் செய்யும் இந்த முறை பிற்காலத்தில் ராக் கிதாரின் பொதுவழக்கமே ஆகிவிட்டது. 1958இல் வந்த 'பிலீவ் வாட் யூ சே' பாடலின் இடைப்பகுதியைக் கேட்பவர்களுக்கு இது உடனே விளங்கும். 1961இன் 'ஹலோ மேரி லூ' பாடலில் அவர் வாசித்த சிறு பகுதியைக் கிதார் பயில்வோர் இன்றும் பழகுகிறார்கள்.

தொடரின் பல பகுதிகள் நெல்சன் பாடும் காட்சியோடு முடிந்தன. கதைக்கும் பாட்டுக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. அவருக்குப் பின்னால் பர்ட்டன் வாசித்துக்கொண்டிருப்பார். வாரந்தோறும் ஒரு நல்ல ராக்கபிலி குழுவை நாடு முழுவதும் பார்க்க முடிந்தது. பாடகருக்காக அல்லாமல் பர்ட்டனின் கிதாருக்காகவே அந்தத் தட்டுகளை வாங்கினேன் என்று ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் பின்னாளில் சொன்னது பலருக்கும் தெரியும். இதை நெல்சனுக்கு எதிரான சான்றாகக் கொள்வோர் உண்டு. ஆனால் அந்தக் கிதாருக்கு இடம் கொடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ ஓடும் பாடலில், தன் குரலை நிறுத்திவிட்டு இன்னொருவரை முன்னே விடும் பெருந்தன்மை எல்லா நட்சத்திரங்களுக்கும் வாய்ப்பதில்லை. பர்ட்டன் 1969 முதல் எல்விஸின் குழுவில் முதன்மைக் கிதார் கலைஞரானார். நெல்சனின் குழுவில் பாஸ் கிதார் வாசித்த ஜோ ஆஸ்பர்ன், சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபுள்டு வாட்டர்' உள்ளிட்ட பெரும் வெற்றிகளில் வாசித்தார்.

குரலும் பாடல் தேர்வும்

நெல்சனின் குரல் எல்லை குறுகியது. எல்விஸின் கம்பீரமோ லிட்டில் ரிச்சர்டின் ஆவேசமோ அவரிடம் இல்லை. அவரும் அவற்றுக்கு முயலவில்லை. சற்றே தயங்குவது போலவும், அருகில் இருப்பவரிடம் பேசுவது போலவும் பாடினார். பின்னால் இசை வேகமாக ஓட, குரல் மட்டும் நிதானமாக நிற்கும். அந்த முரணே அவரது பாணி. பாப் டிலன் தன் நினைவு நூலான 'கிரானிக்கிள்ஸ்' முதல் தொகுதியில் நெல்சனின் இந்த அமைதியை விரும்பிக் குறிப்பிட்டிருக்கிறார்.

1958 ஆகஸ்ட் 4 அன்று பில்போர்டு இதழ் 'ஹாட் 100' என்ற புதிய பட்டியலைத் தொடங்கியது. அமெரிக்கப் பாடல்களின் வெற்றியை அளக்க இன்றும் பயன்படுவது இதுவே. அதன் முதல் வாரத்தில் முதலிடம் பெற்றது நெல்சனின் 'புவர் லிட்டில் ஃபூல்'. எழுதியவர் ஷாரன் ஷீலி என்ற 18 வயதுப் பெண். பெயர் தெரியாத இளம் எழுத்தாளர்களின் பாட்டை எடுத்துப் பாடுவது நெல்சனின் வழக்கம். ஜானி, டார்சி பர்னெட் சகோதரர்கள், பேக்கர் நைட், ஜெர்ரி ஃபுல்லர் ஆகியோர் அவருக்காகத் தொடர்ந்து எழுதினர். 'ஹலோ மேரி லூ'வை எழுதிய ஜீன் பிட்னி அப்போது பாடகராகப் பெயர் பெற்றிருக்கவில்லை.

பேக்கர் நைட் எழுதிய 'லோன்சம் டவுன்' தனியே குறிப்பிட வேண்டியது. காதலில் தோற்றவர்கள் தங்கும் ஊர் என்ற கற்பனையை, ஏறக்குறைய கிதார் ஒன்றை மட்டுமே துணையாகக் கொண்டு பாடியிருக்கிறார். துள்ளல் பாட்டுகள் குவிந்த 1958இல் இத்தனை வெறுமையான ஒரு பதிவு வெற்றி பெற்றது வியப்புக்குரியது. பால் மெக்கார்ட்னி 1999இல் இதைப் பதிவு செய்தார். 'பல்ப் ஃபிக்ஷன்' (1994) படத்திலும் நெல்சனின் பதிவு ஒலிக்கிறது.

1961இல் 'டிராவலின் மேன்' முதலிடம் பெற்றது. அவர் பாடும் காட்சியின் மீது பல நாட்டுக் காட்சிகளைப் படிய வைத்து ஓஸி ஒரு துண்டுப்படம் அமைத்துத் தொடரில் ஒளிபரப்பினார். இசைக் காணொளிகளின் முன்னோடிகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிடுவர். அதே ஆண்டு 21ஆம் பிறந்தநாளில், 'ரிக்கி' என்ற சிறுபிள்ளைப் பெயரை விட்டு 'ரிக்' என்று அழைக்கப்படுவதை விரும்பினார். ரசிகர்கள் பழைய பெயரை விடவில்லை.

கன்ட்ரி ராக்

1964இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவுக்கு வந்தது. முந்தைய தலைமுறைப் பாடகர்கள் பலரும் ஓரங்கட்டப்பட்டார்கள், நெல்சனும் தப்பவில்லை. தொடரும் 1966இல் முடிந்தது. அவருக்கு வயது 26தான்.

வெற்றி விலகிய பிறகு செய்தவை இன்று கூடுதல் மதிப்புப் பெறுகின்றன. 1966இலும் 1967இலும் முழுக்கக் கன்ட்ரி பாடல்களைக் கொண்ட இரு தொகுப்புகளை வெளியிட்டார். 1969இல் ஸ்டோன் கேன்யன் பேண்ட் என்ற குழுவை அமைத்தார். பக் ஓவன்ஸின் குழுவிலிருந்து வந்த டாம் பிரம்லி அதில் பெடல் ஸ்டீல் கிதார் வாசித்தார். மேசை போல் கிடத்தி, நரம்புகளின் மீது உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கருவி அது. அழுகை தோய்ந்த அதன் ஒலி கன்ட்ரி இசையின் அடையாளம். அதை ராக் தாளத்தோடும் டிலனின் பாடல்களோடும் இணைத்தார் நெல்சன். லாஸ் ஏஞ்சலிஸின் டிரூபடோர் அரங்கில் அவ்வாண்டு பதிவான நேரடி நிகழ்ச்சி, கன்ட்ரி ராக் பிறந்துகொண்டிருந்த காலத்தின் நல்ல ஆவணம். குழுவின் பாஸ் கிதார் கலைஞரான ராண்டி மைஸ்னர் பின்னர் ஈகிள்ஸ் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். ஈகிள்ஸின் இசையைக் கேட்டுப் பழகியவர்கள் அந்த டிரூபடோர் பதிவைக் கேட்டால் உறவு புரியும். கன்ட்ரி ராக் வரலாற்றில் பேர்ட்ஸ் குழுவுக்கும் கிராம் பார்சன்ஸுக்கும் கிடைக்கும் இடத்தில் நெல்சனுக்குச் சிறு பங்குகூடத் தரப்படாமல் போனதற்கு, முன்னாள் 'டீன் ஐடல்' என்ற பெயரைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

மேடிசன் ஸ்கொயர் கார்டன், 1971

அக்டோபர் 15, 1971 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பழைய ராக் அண்ட் ரோல் கலைஞர்களைத் திரட்டி ஒரு நிகழ்ச்சி நடந்தது. சக் பெர்ரி, போ டிட்லி முதலியோர் பங்கேற்றனர். நெல்சன் நீண்ட முடியும் அக்கால உடையுமாக வந்தார். தன் பழைய பாடல்கள் சிலவற்றைப் பாடியபின் ரோலிங் ஸ்டோன்ஸின் பாடல் ஒன்றை எடுத்தார். கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. கலகம் செய்த சிலரைக் காவலர் வெளியேற்றியதற்கே கூச்சல் என்றும் ஒரு தரப்பு சொல்கிறது. நெல்சனோ தன் இசையை மறுக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்.

அந்த இரவை அவரே பாட்டாக எழுதினார். 1972இல் வந்த 'கார்டன் பார்ட்டி' பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறியது. நிகழ்ச்சிக்கு வந்திருந்த இசை உலகினரை மறைபெயர்களில் சுட்டிக்கொண்டே போகும் பாடல் அது. நினைவுகளை மட்டும் பாடிப் பிழைக்க வேண்டுமென்றால் வேறு தொழில் பார்ப்பேன் என்ற கருத்தை எந்தக் கோபமும் இல்லாமல், பழைய அந்த நிதானக் குரலிலேயே சொல்கிறார். அதுவரை பிறர் எழுதியதைப் பாடியே புகழ்பெற்றவரின் கடைசிப் பெரிய வெற்றி, அவரே எழுதிய பாட்டாக அமைந்தது.

மறைவும் பின்னும்

அதன் பிறகு ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று பாடினார். 1985இல் மெம்பிஸில் கார்ல் பெர்க்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ், ராய் ஆர்பிசன், ஜானி கேஷ் ஆகியோர் இணைந்த 'கிளாஸ் ஆஃப் 55' பதிவுக்கு வந்து, ஒரு பாடலில் பின்னணிக் குரல் கொடுத்தார். பதினாறு, பதினேழு வயதில் யாரைப்போல் ஒலிக்க விரும்பினாரோ அவரோடு சேர்ந்து பாடினார். அப்பதிவின் நேர்காணல் தொகுப்புக்காக, இறந்தபின் கிராமி விருது கிடைத்தது.

1985 டிசம்பர் 31 அன்று, அலபாமாவின் கன்டர்ஸ்வில்லிலிருந்து டாலஸில் நடக்கவிருந்த புத்தாண்டு நிகழ்ச்சிக்குப் பறந்த டிசி-3 விமானம் தீப்பற்றி டெக்சாஸின் டி கால்ப் அருகே விழுந்தது. நெல்சனும் அவர் குழுவினரும் உட்படப் பயணிகள் 7 பேரும் இறந்தனர்; விமானிகள் இருவர் தப்பினர். பயணிகள் போதைப்பொருள் பயன்படுத்தியதே காரணம் என்று சில நாளேடுகள் எழுதின. விசாரணை அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் வதந்தி நீண்ட நாள் நிலைத்தது.

மறு ஆண்டு டிலன் தன் மேடைகளில் 'லோன்சம் டவுன்' பாடி அஞ்சலி செலுத்தினார். 1987இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றம் நெல்சனைச் சேர்த்துக்கொண்டது. அறிமுகம் செய்தவர் ஜான் ஃபோகர்ட்டி. அவருடைய குழுவான கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1972இலேயே 'ஹலோ மேரி லூ'வைப் பதிவு செய்திருந்தது. ஜேம்ஸ் பர்ட்டன் 2001இல் அதே மன்றத்தில் சேர்ந்தார். நெல்சனின் இரட்டைப் பிள்ளைகள் மேத்யூவும் கன்னரும் 1990இல் தங்கள் பாடலுக்கு முதலிடம் பெற்றனர். 2009இல் ஃபோகர்ட்டி, ஈகிள்ஸ் குழுவின் டான் ஹென்லியையும் திமத்தி ஷ்மிட்டையும் சேர்த்துக்கொண்டு 'கார்டன் பார்ட்டி'யைப் பாடிப் பதிவு செய்தார்.