“மழை உண்டாடா?”

நான் நாகலாபுரத்துக்காரன், இப்போ சென்னையில இருக்கேன். புரட்டாசி முடிஞ்சு ஐப்பசி வந்தா ஊர் சேக்காளிகள்கிட்ட முதல்ல கேக்குறது இதுதான்: “மழை உண்டாடா?”

இது சும்மா வானிலைப் பேச்சு இல்லைங்க. எங்க பக்கம் கரிசல் காடு, பெரும்பாலும் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி போடுவாங்க. கரிசல் மண் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். ஆனா முளைச்ச பிறகு அடுத்த மழை ரொம்பத் தள்ளிப்போனா பயிர் கருகிடும். மறுபடி உழவு, மறுபடி விதை, மறுபடி கடன்.

போன ஐப்பசியில, தினமும் தட்டான், மேகம்னு போட்டோ அனுப்புற நண்பன் நாலு நாளா பேசலை. போன் அடிச்சேன். “ரெண்டாவது விதைப்பும் போச்சுடா”ன்னான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு விதை வாங்கிக் கொடுத்தோம். அதைவிட, தினமும் யாராவது பேசினதுதான் தெம்பா இருந்துச்சுன்னு பிறகு சொன்னான்.

தூரத்துல இருந்து விசாரிக்கிறது எங்க சீமைக்குப் புதுசில்ல. கோவில்பட்டி பக்கம் இடைசெவல்ல பிறந்த கு. அழகிரிசாமி, ஊரைவிட்டுப் போன பிறகும் கி. ராஜநாராயணனுக்குக் கடிதம் எழுதினார். அது புத்தகமாவே வந்திருக்கு.

உங்க ஊர் நண்பன் ரெண்டு நாளா மழையைப் பத்திப் பேசலையா? நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க.