காட்டு நெல்லியில் இரண்டு இனங்கள்

மும்பை மாதுங்காச் சந்தைக்கு வரும் தோட்ட நெல்லியும், அந்நகரின் வடபால் சால்செட் தீவின் காடுகளில் தானே வளரும் நெல்லியும் ஓரினமே. ‘பில்லாந்தஸ் எம்பிளிக்கா’ என்பது அதன் தாவரவியற் பெயர். தென்னிந்தியாவின் வறண்ட காடுகளில் மட்டும் வாழும் வேறொரு நெல்லியும் உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. 1925-இல் கேம்பிள் அதனைத் தனியினமாக விவரித்து, தாவரவியலறிஞர் பிஷரின் பெயரைச் சூட்டினார். ‘பில்லாந்தஸ் பிஷேரி’ என்னும் பெயர் ஆப்பிரிக்கச் செடியொன்றுக்கு முன்னரே வழங்கப்பட்டிருந்தமையால், 1983-இல் இது ‘பில்லாந்தஸ் இண்டோபிஷேரி’ ஆயிற்று.

களப்பணியாளர் முதலில் நோக்கவேண்டியது இலையை. நெல்லியில் கூட்டிலைபோல் தோன்றுவது கூட்டிலையன்று, சிறுகிளையே. ஒவ்வோர் இலைக்கோணத்திலும் பூ அரும்புவது இதற்குச் சான்று. கூட்டிலையின் சிற்றிலைகளில் அவ்வாறு அரும்புவதில்லை. இலையுதிர் காலத்தில் இச்சிறுகிளை முழுவதுமாகவே கழன்று விழும். மாணவர் கையில் பூத்த கிளையொன்றைக் கொடுத்தால், ஆசிரியர் அதிகம் பேசவேண்டியதில்லை. எம்பிளிக்காவில் இலைகள் குறுகி நெருங்கியிருக்கும். இண்டோபிஷேரியில் அகன்று, எண்ணிக்கையிற் குறைந்திருக்கும். கனியும் பெரிது.

கருநாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் இவ்விரண்டும் வளர்கின்றன. அங்கு வாழும் சோலிகர் நெடுங்காலமாக நெல்லிக்கனி திரட்டி விற்றுவந்தனர். மரங்கள் குறைவதற்கு இத்தொழிலே காரணம் என எண்ணுவது இயல்பு. ஆயின் ஆராய்ச்சியாளர் கண்டது வேறு. புல்லுருவி பற்றிய மரங்களே காய்ப்புக் குன்றி மடிந்தன. முற்காலத்தில் ஆண்டுதோறும் இட்ட சிறு தீ புல்லுருவியை அடக்கிவைத்தது என்றும், தீ தடுக்கப்பட்டபின் அது பெருகியது என்றும் சோலிகர் கூறினர். உண்ணிச்செடியும் பரவி இளங்கன்றுகளை மூடிற்று. கனி பறிக்கச் செல்வோர் புல்லுருவி படர்ந்த கொம்புகளை வெட்டிவிடுவதும் உண்டு. 2002-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டதையொட்டிப் பின்னர் வணிகச் சேகரிப்பு நிறுத்தப்பட்டபோது, அந்தப் பணியும் உடன் நின்றது. வன உரிமைச் சட்டத்தின்படி அவர்களுடைய உரிமை 2011-இல் ஏற்கப்பட்டது.

நெல்லி இலையுதிர்த்து நிற்கையிலும் புல்லுருவிக் கொத்துகள் பசுமையாகவே தெரியும். பீடிக்கப்பட்ட மரங்களைக் கணக்கிட அதுவே ஏற்ற காலம்.