பட்டியலில் மிச்சமிருக்கும் பெயர்கள்

பொங்கல் வாரத்திலேயே நாங்கள் அடுத்த குளிர்காலத்துக்கான ஊசிக் கணக்கை எடுத்துவிடுவோம். காத்திருப்போர் அறையில் இந்த வருடத்து இருமலே இன்னும் அடங்கியிருக்காது. உள்ளே நிர்வாகி கணினியில் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். அறுபத்தைந்து தாண்டியவர்கள் எத்தனை பேர்? போன முறை அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்? நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எத்தனை? அடுத்த மார்ச் 31க்குள் அறுபத்தைந்து நிரம்பப் போகிறவர்கள் எத்தனை?

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். லண்டனின் வடமேற்கில் ஒரு குடும்ப வைத்தியர் நிலையத்தில் பதினேழு வருடங்களாகத் தாதியாக இருக்கிறேன். இங்கிலாந்தின் ஃபுளூ தடுப்பூசித் திட்டம் என்றதும், அரசாங்கம் பெட்டி பெட்டியாக மருந்து அனுப்பும், நாங்கள் குத்திவிடுவோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்கான மருந்தை மட்டும்தான் அரசு மொத்தமாக வாங்கித் தருகிறது. பெரியவர்களுக்கான ஊசியை ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு மருந்தகமும் தயாரிப்பாளர்களிடம் தானாகவே சொல்லிவைத்து வாங்க வேண்டும். கூடச் சொல்லிவைத்தால் மிஞ்சும், நட்டம் எங்களுக்கு. குறையச் சொல்லிவைத்தால் ஒக்டோபரில் யாரோ ஒருவர் வாசலோடு திரும்பிப் போவார்.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்று உண்டு. எந்த வைரசுக்கான ஊசி என்பது முடிவாவதற்கு முன்பே எத்தனை ஊசி என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் கூடி, வட அரைக்கோளத்தின் அடுத்த குளிர்காலத்துக்கான வைரஸ் வகைகளைச் சொல்வது பெப்ரவரியில்தான். அதற்கு வேண்டிய மாதிரிகளை ஆராயும் மையங்களில் ஒன்று லண்டன் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் இருக்கிறது. அட்லாண்டா, மெல்பேர்ன், டோக்கியோ, பெய்ஜிங் ஆகிய நகரங்களிலும் அப்படிப்பட்ட மையங்கள் உண்டு. தேர்ந்தெடுத்த வைரசைப் பெரும்பாலும் கருக்கட்டிய கோழிமுட்டைகளில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, தூய்மையாக்கி, சோதித்து, ஊசிக்குழாயில் அடைத்து முடிக்க ஏறத்தாழ ஆறு மாதம் செல்லும். அந்த ஆறு மாதமும் வைரஸ் சும்மா இருப்பதில்லை, மாறிக்கொண்டே போகும். 2014-15 குளிர்காலத்தில் எச்3என்2 வைரஸ் அப்படி விலகிப்போனதால் ஊசியின் பலன் வெகுவாகக் குறைந்தது. 2025இல் பெப்ரவரித் தேர்வு முடிந்த பிறகு அதே எச்3என்2வில் 'கே' என்ற புதிய கிளை பரவியது. ஆனாலும் அந்த நவம்பரில் இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை வெளியிட்ட முதற்கணக்கில், வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலையை ஊசி பிள்ளைகளில் 70 முதல் 75 சதவீதமும், பெரியவர்களில் 30 முதல் 40 சதவீதமும் தடுத்தது என்று இருந்தது. பொருந்தாத ஊசி பயனற்ற ஊசி என்று நினைத்திருந்தவர்களுக்கு நான் அந்தக் கணக்கைத்தான் சொன்னேன்.

வைரஸ் ஒன்று காணாமல் போனதும் உண்டு. பி வகையில் யமகாட்டா என்ற பிரிவை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டதில்லை. கோவிட் காலத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் நெருங்காமல் இருந்ததில் அது அற்றுப்போயிருக்க வேண்டும். அதனால் நான்கு வகைக்கு எதிராக இருந்த ஊசி இப்போது மூன்று வகைக்கு எதிரானதாகியிருக்கிறது.

செப்டெம்பரில் பெட்டிகள் வரும். வந்த நிமிடமே கையெழுத்துப் போட்டு வாங்கிக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். இரண்டு பாகைக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக்கூடாது. உறைந்த ஊசி பார்வைக்கு நல்ல ஊசி போலவே இருக்கும், ஆனால் எறிய வேண்டியதுதான். ஒவ்வொரு நாளும் உச்சம், தாழ்வு இரண்டையும் எழுதிக் கையொப்பமிடுகிறோம். பிளக்கை யாரும் தவறிக் கழற்றிவிடக்கூடாது என்று அதன்மேல் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறோம்.

2018ஐ நான் மறக்கவில்லை. வயதாக ஆக உடல் ஊசிக்குச் சரியாக எதிர்வினை காட்டாது. சாதாரண ஊசி முதியவர்களில் சரிவர வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும், எண்ணெய்த் துளிகள் கலந்து எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஒரு ஊசியை அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு அந்த வருடம் கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு. ஆனால் அதைத் தந்தது ஒரே ஒரு தயாரிப்பாளர். ஊசி மூன்று தவணையில் வந்தது: செப்டெம்பரில் 40 சதவீதம், ஒக்டோபரில் 20, மிச்சம் 40 நவம்பரில். தீபாவளிக்கு முன் வந்த எத்தனையோ பேரிடம், "அம்மா, மருந்து முடிஞ்சுது, இன்னும் ரெண்டு கிழமையில வாங்கோ" என்று சொன்னேன். ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். "பரவாயில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, பிறகு வருகிறேன் என்றார். மார்ச் வரை அவர் பெயர் என் பட்டியலில் இருந்தது.

இப்போது கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் செப்டெம்பர் முதலாம் திகதியே தொடங்குகிறோம். மற்றப் பெரியவர்களுக்கு 2024 முதல் ஒக்டோபர் வரை காத்திருக்கிறோம். ஊசியின் பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லத் தேயும். ஃபுளூ உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில். செப்டெம்பர் தொடக்கத்தில் போட்டுக்கொண்டவருக்குத் தேவையான நேரத்தில் அது இளைத்துவிடும். கர்ப்பிணியின் கணக்கு வேறு. தாயின் எதிர்ப்பாற்றல் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போக வேண்டும், ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஊசியே இல்லை.

சனிக்கிழமை முகாம் அன்று காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். ஒருவருக்கு மூன்று நிமிடம். காய்ச்சல் இருக்கிறதா, முன்பு எந்த ஊசிக்காவது கடும் ஒவ்வாமை வந்ததா என்று கேட்டு, மருந்தின் தொகுதி எண்ணைப் பதிந்து, தோளில் போட்டு அனுப்புவேன். மேசையில் எட்டிய தூரத்தில் அட்ரினலின் இருக்கும். எனக்கு இன்னும் அதை எடுக்க வேண்டி வந்ததில்லை.

அந்த மூன்று நிமிடத்தில் இரண்டு, பெரும்பாலும் ஒரே கதைக்குப் போகும். "போன வருசம் ஊசி போட்டதாலதான் எனக்குத் தடிமன் வந்தது பிள்ளை." இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அது ஃபுளூவைத் தர முடியாது. கை நோகும், ஒரு நாள் உடம்பு அலுப்பாக இருக்கும். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு கிழமை வேண்டும். குளிர்காலத்தில் தடிமனைத் தரும் வேறு வைரசுகளும் ஏராளம், அவற்றை இது தடுக்காது. இதையெல்லாம் சொல்வேன். ஆனால் அவருடைய அனுபவத்தைப் பொய் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். தடிமன் வந்தது உண்மை, ஊசியும் உண்மை. நடுவில் இருக்கும் 'அதால்' என்ற சொல்லை மட்டும்தான் நான் மெதுவாகக் கழற்ற வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஊசி இல்லை, மூக்கில் தெளிக்கும் மருந்து. 2013இல் தொடங்கியது. அதிலிருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ். வீட்டுக்குள் ஃபுளூவைக் கொண்டுவருவதில் சின்னப் பிள்ளைகளுக்கு மிஞ்சியவர் இல்லை. திட்டத்தின் முதல் வருடங்களில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னோட்டமாகக் கொடுத்த பகுதிகளில், ஃபுளூ போன்ற காய்ச்சலோடு வைத்தியரிடம் வந்த பெரியவர்களும் குறைந்தார்கள். பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அம்மம்மாதான் என்ற எங்கள் சனத்தின் வீடுகளில் இதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் புத்தகப்பைக்குள் வரும். இரவு வேலைக்குப் போகும் தகப்பன் அதைப் பார்ப்பதற்குள் திகதி போய்விடும்.

அந்தத் தெளிப்பு மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. முஸ்லிம் தாய்மார் கேட்பார்கள், எங்கள் சைவ வீட்டுத் தாய்மாரும் கேட்பார்கள். கேட்காதவரிடமும் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அது வேண்டாம் என்பவர்களுக்கு ஊசி வடிவில் வேறு மருந்து இருக்கிறது. ஒரு தாய், "இவ்வளவு நாளும் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை" என்று கோபித்துவிட்டு, அன்றைக்கே இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு போனார்.

நவம்பர் நடுப்பகுதியில் வரிசை கலைந்துவிடும். தானாக வருகிறவர்கள் வந்து முடிந்திருப்பார்கள். திட்டத்தின் கடினமான பாதி அதன் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். 2021-22இல் இங்கிலாந்தில் அறுபத்தைந்து தாண்டியவர்களில் 82 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். 2024-25இல் அது ஏறத்தாழ 75 ஆக இறங்கியது. கர்ப்பிணிகளில் மூன்றில் ஒரு பங்கினர்தான் வருகிறார்கள். 2022-23, 2023-24 ஆகிய இரண்டு குளிர்காலங்களிலும் சேர்த்துக் குறைந்தது 18,000 இறப்புகள் ஃபுளூவோடு தொடர்புடையவை என்று சுகாதாரப் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருக்கிறது. வராதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்த்தால் காரணம் சின்னதாக இருக்கும். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் போயிருக்கும். கணவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வெளியே வர முடியாதவர் இருப்பார். பராமரிப்பாளர் என்ற முறையில் தனக்கும் இலவச ஊசி உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீடு தேடிப் போகும் தாதியர் உண்டு, ஆனால் யாராவது அந்தப் பெயரைக் கொடுத்தால்தான் போவார்கள்.

அதனால் செவ்வாய் பின்னேரங்களில் நான் தொலைபேசியோடு இருக்கிறேன். தமிழ்ப் பெயர்கள் எனக்கு, குஜராத்திப் பெயர்கள் வரவேற்பில் இருக்கும் என் தோழிக்கு, சோமாலிப் பெயர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் இணைப்பு.

போன டிசம்பரில் எண்பத்தொரு வயது ஐயா ஒருவருடைய பெயர் மூன்றாவது வருடமாக நிரம்பாமல் இருந்தது. எட்டு அழைப்பு எழுதப்பட்டிருந்தது, எல்லாம் பதில் இல்லை. அந்த எண் அவருடையதே அல்ல, வேறு ஊருக்குக் குடிபோன மகனுடையது. மகன் வேலை நேரத்தில் எடுப்பதில்லை. இரவு ஏழு மணிக்கு எடுத்தபோது கிடைத்தார், அப்பாவின் வீட்டு எண்ணைத் தந்தார். ஐயா முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லையே பிள்ளை" என்றார்.

வியாழக்கிழமை வந்தார். கோட், கம்பளிச் சட்டை, சேர்ட், உள்ளே இன்னொரு கைநீளச் சட்டை. ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார், அதற்கே ஐந்து நிமிடம் சென்றது. நான் அவரை அவசரப்படுத்தவில்லை. ஊசி போட்டு, தொகுதி எண்ணைப் பதிந்து, பழைய தொலைபேசி எண்ணை அழித்துப் புதியதை எழுதிவைத்தேன். அவர் கடைசிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, மேல்மாடியில் தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறார், அவருக்கும் ஒருவரும் அழைப்பு எடுப்பதில்லை என்றார். பெயரையும் கதவிலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.