காற்றுக்கு ஒரு வேலி

கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாநிலத்துப் பெரும் புல்வெளியில், ரெஜைனா நகருக்குக் கிழக்கே, இண்டியன் ஹெட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்குவதுண்டு; கோடையிலோ 30 பாகைக்கு மேலும் ஏறும். திறந்த சமவெளியாதலால் காற்றைத் தடுப்பார் இல்லை. இத்தகைய இடத்தில் மனிதர் எவ்வாறு குடும்பமாய் வாழ்ந்தனர்?

மரம் நட்டு வாழ்ந்தனர். 1901ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தின் நாற்றுப்பண்ணை இவ்வூரில் அமைந்தது. நிலத்தைப் பண்படுத்திய உழவர்க்குக் கன்றுகள் இலவசமாய் வழங்கப்பட்டன. 2013இல் திட்டம் முடிவுறும்வரை அவ்வாறு சென்றவை 60 கோடிக்கும் அதிகம்! வரிசையாய் வளர்ந்த மரங்கள் காற்றின் வேகத்தைத் தணித்தன. பனியைத் தேக்கி மண்ணுக்கு ஈரமளித்தன. அவற்றின் மறைவில் காய்கறித் தோட்டம் செழித்தது. பிள்ளைகள் குளிர்காலத்திலும் வெளியே வந்து பனியில் விளையாட முடிந்தது.

இன்றோ, பெரிய உழவு இயந்திரங்கள் திரும்புவதற்கு இடையூறென்று சிலர் அவ்வரிசைகளை அகற்றி வருகின்றனர். நட்டவர்கள் தங்களுக்காக மட்டும் நடவில்லை, பேரப்பிள்ளைகளுக்காகவும் நட்டனர். ஒரே நாளில் வீழ்த்தப்படும் மரவேலி மீண்டும் எழ ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டுமன்றோ?