ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்: டூயல் பூட்டா, விர்ச்சுவல் மெஷினா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்குச் சில மாதங்களிலேயே ஒரு தேவை வந்துவிடுகிறது. வாங்கிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருக்கிறது. ஆனால் கல்லூரியிலோ பயிற்சி வகுப்பிலோ லினக்ஸ் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க முடியாது. இருக்கும் விண்டோஸை அழிக்கவும் மனம் வராது. என்ன செய்வது?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டது என் மகள். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அப்பா, லேப்ல எல்லாம் லினக்ஸ்லதான் சி புரோகிராம் பண்றோம். நம்ம லேப்டாப்ல டூயல் பூட் போட்டுத் தர்றீங்களா?" என்றாள். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் 2008-ல் நான் செய்த ஒரு தவறு.

2008-ல் நடந்தது

அப்போது எங்களிடம் 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட டெஸ்க்டாப் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, சி, டி, இ என மூன்று டிரைவ்கள். இ டிரைவ் காலி. அதில் லினக்ஸ் போடலாம் என்று சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்தேன். பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கும் இடம் வந்ததும் குழம்பிப் போனேன். சி, டி, இ என்ற பெயர்களே திரையில் இல்லை. எஸ்டிஏ1, எஸ்டிஏ5, எஸ்டிஏ6 என்று இருந்தன. லினக்ஸ் இப்படித்தான் பெயர் வைக்கும் என்பது எனக்குத் தெரியாது. டி, இ இரண்டும் ஒரே அளவு என்பதால் அளவை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆங்கில எழுத்து வரிசையில் இ ஐந்தாவது எழுத்து. ஆகவே எஸ்டிஏ5 தான் இ டிரைவ் என்று நானாக முடிவு செய்து கிளிக் செய்தேன்.

பார்மட் ஆனது டி டிரைவ். அதில்தான் மகளின் காதுகுத்துப் படங்கள் இருந்தன. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அவள் அழுத படங்கள். சிடியில் ஒரு காப்பிகூட எடுத்து வைக்கவில்லை. போட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தேடியதில் பாதிப் படங்கள்தான் திரும்பி வந்தன. மாமன் மடிப் படங்கள் அதில் இல்லை.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்துக் கொள்ள இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றில் கை தவறினால் வீட்டுப் பைல்கள் போகும். மற்றதில் அநேகமாகப் போகாது. புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

இரண்டு முறைகளும் என்ன?

டூயல் பூட் என்பது ஹார்ட் டிஸ்கைப் பிரித்து, ஒரு பகுதியில் விண்டோஸ், இன்னொரு பகுதியில் லினக்ஸ் என்று நிறுவுவது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கிரப் என்ற சிறிய புரோகிராம் ஒரு பட்டியலைக் காட்டும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே இடத்தில் காலையில் இட்லிக் கடை, மாலையில் பஜ்ஜிக் கடை நடத்துவது போல. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. ஆனால் நடக்கும் கடைக்கு முழு இடமும் கிடைக்கும்.

விர்ச்சுவல் மெஷின் என்பது விண்டோஸுக்குள்ளேயே இயங்கும் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டர். வீட்டுக்காரர் குடியிருக்கும்போதே ஓர் அறையை வாடகைக்கு விடுவது போல. விண்டோஸ் ஹோஸ்ட், உள்ளே இயங்கும் லினக்ஸ் கெஸ்ட். கெஸ்டின் ஹார்ட் டிஸ்க் என்பது உங்கள் டிஸ்கில் உள்ள ஒரு பெரிய பைல் மட்டுமே. இந்த யோசனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972-லேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்காக விஎம்/370 என்ற சிஸ்டத்தை வெளியிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 1999-ல் விஎம்வேர், 2007-ல் விர்ச்சுவல்பாக்ஸ் வந்தன. விர்ச்சுவல்பாக்ஸ் இப்போது ஆரக்கிள் நிறுவனத்திடம் உள்ளது, இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

விர்ச்சுவல் மெஷினில் இரண்டு சிஸ்டங்களும் ஒரே நேரத்தில் இயங்குவதால் மெமரியைப் பங்கு போட்டுக் கொள்ளும். ஆகவே ராம் எவ்வளவு என்பதே முதல் கேள்வி. 4 ஜிபி மட்டும் இருந்தால் விர்ச்சுவல் மெஷின் தவழும், வேண்டாம். 8 ஜிபி இருந்தால் கெஸ்டுக்கு 3 ஜிபி கொடுத்துச் சமாளிக்கலாம். 16 ஜிபி இருந்தால் கவலையில்லை.

அடுத்து பிராசசர். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைக் கிளிக் செய்யுங்கள். விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே எனேபிள்ட் என்று இருக்க வேண்டும். டிஸேபிள்ட் என்றிருந்தால் பயாஸ் செட்டப்பில் நுழைந்து இயக்க வேண்டும். இன்டெல் பிராசசரில் இது விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி பிராசசரில் எஸ்விஎம் அல்லது ஏஎம்டி-வி என்றும் இருக்கும்.

எங்கள் லேப்டாப்பில் 8 ஜிபி ராம், விண்டோஸ் 11. மகளுக்குத் தேவை சி புரோகிராம் எழுதி கம்பைல் செய்வது. அதற்கு விர்ச்சுவல் மெஷினே போதும் என்று முடிவு செய்தோம்.

நாங்கள் நிறுவிய முறை

1. விர்ச்சுவல்பாக்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து நிறுவினோம். லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ பைலையும் இறக்கிக் கொண்டோம். இது சுமார் 3 ஜிபி.

2. நியூ என்பதைக் கிளிக் செய்து பெயர் கொடுத்தோம். ராம் 3 ஜிபி, பிராசசர் 2, ஹார்ட் டிஸ்க் 30 ஜிபி. பயப்பட வேண்டாம், 30 ஜிபியும் உடனே போய்விடாது. உள்ளே பைல்கள் சேரச் சேரத்தான் அந்த டிஸ்க் பைல் வளரும்.

3. ஐஎஸ்ஓ பைலைக் கொடுத்து ஸ்டார்ட் செய்தோம். பாதி வழியில் "டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவட்டுமா?" என்ற கேள்வி வந்தது. என் கை ஒரு கணம் நின்றது. ஆனால் இங்கே லினக்ஸின் கண்ணுக்குத் தெரியும் டிஸ்க் அந்த ஒரு பைல்தான். "அழுத்தும்மா" என்றேன். மகளே கிளிக் செய்தாள். விண்டோஸும் அதிலுள்ள படங்களும் அப்படியே இருந்தன.

4. நிறுவி முடித்ததும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்பதை லினக்ஸுக்குள் நிறுவினோம். திரை முழு அளவுக்கு விரியவும், இரு சிஸ்டங்களுக்கும் பொதுவான ஷேர்ட் போல்டர் வேலை செய்யவும் இது தேவை.

5. கடைசியாக ஸ்னாப்ஷாட் எடுத்தோம். அந்த நிமிடத்தில் கெஸ்ட் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே பதிந்து வைக்கும் வசதி இது.

ஸ்னாப்ஷாட்டின் அருமை இரண்டாவது வாரமே தெரிந்தது. மகள் ஏதோ கட்டளையைத் தவறாகக் கொடுத்து ஒரு சிஸ்டம் போல்டரையே அழித்துவிட்டாள். லினக்ஸ் கிளம்பவில்லை. ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு கெஸ்டின் டிஸ்கில் சேமித்தவை ரீஸ்டோர் செய்யும்போது போய்விடும். அவள் புரோகிராம்களை ஷேர்ட் போல்டரில் வைத்திருந்ததால் தப்பின. ஷேர்ட் போல்டரில் உள்ளவை ஹோஸ்டின் உண்மையான பைல்கள். அவற்றை உள்ளிருந்து அழித்தால் உண்மையாகவே அழியும். ஆகவே அதில் பயிற்சிப் பைல்களை மட்டும் வையுங்கள். குடும்பப் படங்களை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

டூயல் பூட் யாருக்கு?

விர்ச்சுவல் மெஷின் எல்லாவற்றுக்கும் பதில் அல்ல. 3டி கேம், வீடியோ எடிட்டிங் போன்றவற்றுக்குக் கிராபிக்ஸ் கார்டின் முழுத் திறன் தேவை. அது கெஸ்டுக்குக் கிடைக்காது. ராம் குறைவான பழைய கம்ப்யூட்டர்களுக்கும் டூயல் பூட்டே ஏற்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டர் உங்களிடம் இருந்தால், இணைய வேலைகளுக்கு லினக்ஸ், நெட் தொடர்பில்லாமல் பழைய மென்பொருள்களை இயக்க விண்டோஸ் 10 என்று வைத்துக் கொள்ளலாம்.

டூயல் பூட் செய்வதற்கு முன் இவற்றைக் கட்டாயம் செய்யுங்கள்:

- முக்கிய பைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. நாலைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். பிறகு அந்த டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

- புதிய லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். பூட் அமைப்பு மாறினால் விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அதை முன்பே தாளில் எழுதி வையுங்கள்.

- கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்துங்கள். இது இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாமல் போகும்.

- பென் டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். வைபை, ஒலி, டச்பேட் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

- டிஸ்க் மேனேஜ்மென்டில் ஷ்ரிங்க் வால்யூம் மூலம் காலி இடம் உண்டாக்குங்கள். வேறெந்தப் பார்ட்டிஷனுக்கும் இல்லாத அளவாக, உதாரணமாக 61 ஜிபி என்று வையுங்கள். லினக்ஸ் என்ன பெயர் காட்டினாலும் அளவைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். 2008-ல் எனக்கு இது தெரிந்திருந்தால் போதும்.

- நிறுவும்போது "விண்டோஸுடன் சேர்த்து நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "டிஸ்கை அழித்து நிறுவு" என்பது இங்கே நிஜமாகவே அழிக்கும்.

நிறுவிய பிறகும் சில தொல்லைகள் வரலாம். விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் பேட்டரி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் நம் நேரமாகப் படிக்கும். லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கும். லினக்ஸிலும் நம் நேரத்தையே வைக்கும்படி மாற்றிவிட்டால் சரியாகிவிடும். 2024 ஆகஸ்டில் வெளியான ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டால் சில டூயல் பூட் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் கிளம்பாமல் போனது. இரண்டும் ஒரே டிஸ்கில் இருக்கும்போது ஒன்றின் மாற்றம் மற்றதையும் தொடும்.

லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால்? விர்ச்சுவல் மெஷினை ரிமூவ் செய்தால் முடிந்தது. டூயல் பூட்டில் பார்ட்டிஷனை அழித்து, கிரப்பையும் நீக்கி, இடத்தை விண்டோஸுடன் சேர்க்க வேண்டும்.

ஆகவே புதியவர்களுக்கு என் யோசனை இதுதான். 8 ஜிபி ராம் இருந்தால் முதலில் விர்ச்சுவல் மெஷினில் பழகுங்கள். அதிலேயே நாலைந்து முறை நிறுவிப் பாருங்கள், தவறு செய்யுங்கள். லினக்ஸ் பிடித்துப்போய், வேகம் போதவில்லை என்று தோன்றினால் டூயல் பூட்டுக்கு வாருங்கள். எப்படியானாலும் காப்பி எடுப்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

எங்கள் லேப்டாப்பின் காப்பி டிஸ்க் இப்போது பீரோவில் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அதை வெளியே எடுக்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்திருக்கிறேன்.