தோலின் மூச்சும் பலபடியின் வெற்றிடமும்

இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையுள்ள பாலாற்றங்கரை ஊர்களில் தோலை அறியாத இல்லம் அரிது. தோலை ஒருமுறை மடித்துப் பார்த்தே அதன் தரத்தைக் கூறிவிடும் முதியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் விரல்கள் உணர்வதை இயற்பியல் எவ்வாறு அளக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோலும் பூச்சும்

தோல், கொல்லாஜன் என்னும் புரத நார்களால் ஆனது. கொல்லாஜன் ஓர் இயற்கைப் பலபடி. அதாவது, சிறு மூலக்கூறுகள் பல கோத்து அமைந்த நெடுஞ்சங்கிலி. மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்குண்ட அதன் அமைப்பை 1954-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டனர்.

நார்களின் இடைவெளிகளே தோலுக்கு மூச்சு. அவற்றின் வழியே பாதத்தின் வியர்வை ஆவியாய் வெளியேறுகிறது. நிறமும் பளபளப்பும் தருவதற்காக அக்ரிலிக், பாலியூரிதேன், நைட்ரோசெல்லுலோஸ் முதலிய பலபடிகளைத் தோலின்மேல் பூசுகின்றனர். இப்பூச்சு நாரிடை வழிகளை மூடிவிடுகிறது. பின்னர் ஆவி செல்ல வேண்டுமாயின், பூச்சுக்குள்ளேயே இடம் இருத்தல் வேண்டும். அவ்விடம் யாது?

கட்டற்ற கனவளவு

நூற்சிக்கலை எவ்வளவு அமுக்கினாலும் இடையிடையே வெற்றிடம் எஞ்சும். அதுபோலப் பலபடிச் சங்கிலிகளுக்கிடையே எஞ்சும் நுண்ணிடமே கட்டற்ற கனவளவு எனப்படும். நெரிசல் மிக்க பேருந்தில் ஒருவர் நகர, அருகே சிறிது இடம் வேண்டுமன்றோ? சங்கிலிகள் அசைவதற்கும் அவ்வாறே இடம் வேண்டும். குளிரக் குளிர இவ்விடம் சுருங்குகிறது. மொத்தக் கனவளவில் அது நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்காகக் குறையும்போது சங்கிலிகள் உறைந்து, பலபடி கண்ணாடிபோல் விறைக்கிறது. வில்லியம்ஸ், லாண்டல், பெர்ரி ஆகிய மூவரும் 1955-இல் வெளியிட்ட ஆய்வு இக்கணக்கிற்கு அடிப்படையாயிற்று.

அளக்கும் முறை

நுண்ணோக்கிக்கும் எளிதில் புலப்படாத இவ்விடங்களைப் பாசிட்ரான் காட்டித்தருகிறது. பாசிட்ரான் என்பது நேர்மின்னேற்றம் கொண்ட எலக்ட்ரான். சோடியம்-22 என்னும் கதிரியக்கப் பொருளைப் பலபடித் துண்டுகள் இரண்டின் நடுவே வைப்பர். அதிலிருந்து புறப்படும் பாசிட்ரான்களுட் சில, எலக்ட்ரானோடு இணைந்து பாசிட்ரோனியம் ஆகி, வெற்றிடத்துள் தங்கி, பின் அழிகின்றன. பாசிட்ரானின் பிறப்பை ஒரு காமாக் கதிரும் அழிவை வேறொரு காமாக் கதிரும் அறிவிக்கின்றன. இடைப்பட்ட காலமே ஆயுள். பாசிட்ரோனியத்தின் நீடித்து வாழும் வகை, பொருளற்ற வெறுவெளியில் 142 நானோ நொடி வாழும். பலபடியிலோ பெரும்பாலும் 1 முதல் 5 நானோ நொடியே. ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. துளை பெரிதாயின் ஆயுளும் நீளும்; ஆகவே ஆயுளிலிருந்து துளையின் அளவைக் கணக்கிடலாம். மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் பலபடிகளை இம்முறையில் ஆராய்ந்துள்ளனர்.

தொழிலுக்கு என்ன பயன்?

ஆம்பூர்க் கோடையில் பட்டுப்போல் வளையும் பூச்சு, ஐரோப்பியப் பனியில் வெடிக்கக்கூடும். கடல்கடந்து சென்ற காலணி அவ்வாறு திரும்பினால் இழப்பு முதலாளிக்கு மட்டுமன்று, தொழிலாளிக்கும் உண்டு. அதனைத் தவிர்க்கவே நைட்ரோசெல்லுலோஸ் பூச்சில் ஆமணக்கெண்ணெய் போன்ற இளக்கிகளைச் சேர்ப்பர். இளக்கி சங்கிலிகளை விலக்கி இடம் பெருக்குகிறது. நாளடைவில் அது வெளியேறினால் பூச்சு மீண்டும் விறைக்கும்.

இடம் மிகுந்தால் ஆவி எளிதிற் செல்லும். பலபடிக்கு நீர்மேல் உள்ள நாட்டமும் இதற்குத் துணைபுரியும். எனினும் இடம் அளவுகடந்தால் பூச்சு மென்மையுற்று எளிதில் தேயும். மூச்சும் வேண்டும், உறுதியும் வேண்டும். இரண்டிற்கும் நடுவே அளவறிந்து நிற்பதே பூச்சுக்கலை.

அவ்வளவைப் பெரியோர் விரலால் அறிந்தனர். ஆனால் விரலின் அறிவு அவரோடு மறையும். எண்ணாக்கிய அறிவு தலைமுறை கடந்து நிற்கும். சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்கிவருகிறது. நம் மாணவர்கள் பட்டறையில் கேட்ட வினாவோடு அத்தகைய ஆய்வுக்கூடங்களின் வாயிலை அடைவார்களாயின், இத்தொழில் அடுத்த தலைமுறைக்கும் வாழ்வளிக்கும்.